கற்பிட்டியில் அறை தேடிப் போய் ஒரு கல்யாண ஒழுங்கைக்குள் மாட்டிக்கொண்ட கதை

ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்குக் கற்பிட்டி போவோம் என்றதும் கௌரி அக்கா ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்: படுக்கச் சுத்தமான கட்டில் வேண்டும். அக்கா என் பெரியம்மாவின் மகள். கொழும்பில் கணக்கு டீச்சர். போன முறை என்னை நம்பி வந்து, பஸ் நிலைய மரவாங்கிலில் பாதி இரவைக் கழித்தவர். "இந்த முறையும் இடமில்லையெண்டால் இனி உன்னோட எந்த ஊருக்கும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் பையை அடுக்கினார். அக்கா சொன்னால் சொன்னதுதான். அவரை விட்டால் எனக்குப் பயணத் துணைக்கு வேறு ஆள் கிடையாது.

இவ்வளவு தெரிந்தும் நான் எங்கும் முன்பதிவு செய்யவில்லை. கடற்கரை ஓரமாகக் கபானா என்கிற ஓலைக் குடில்கள் நிறைய இருக்கின்றன. காற்றில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்க வருகிற வெளிநாட்டவர்களுக்கு அவை நல்ல இடங்கள்தான். எனக்கோ ஊருக்குள் தங்க ஆசை. பள்ளிவாசலின் பாங்கும் கோயில் மணியும் ஒரே ஜன்னலில் கேட்க வேண்டும், காலையில் யாராவது பக்கத்து வீட்டோடு சண்டை பிடிக்க வேண்டும். அப்படி ஒரு வீடு கேட்டால் கிடைக்காமலா போகும் என்ற தைரியம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறக்கோட்டையில் நேரடிக் கற்பிட்டி பஸ் எடுத்தோம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மிச்சம் வரும். சிலாபம் தாண்டியதும் காற்றின் மணமே மாறுகிறது. மதுரங்குளியில் கடை ஒன்றின் முன் பஸ் பத்து நிமிடம் நின்றது, பிளேன்டீயும் மீன் வைத்த மாலுபாணும் வாங்கினோம். பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் அங்கிருந்து கற்பிட்டி நாற்பது கிலோமீற்றர் அளவு. உப்பளம், மின்சாரக் காற்றாடிகள், வெங்காயத் தோட்டம், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் எங்கோ கடல். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாத குறை. அக்கா மட்டும் பாலாவியிலிருந்தே "இடம் இருக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

பதினொன்றரைக்கு இறங்கினோம். முதல் விடுதி நிறைந்திருந்தது. இரண்டாவதில் அறை இருந்தது, ஆனால் ஜன்னல் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. எங்களை ஏற்றிவந்த முச்சக்கரவண்டிக்காரர் நிசாம் நானாவுக்குப் பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "ஹோட்டல் வாணாமெண்டா வீடு வீடாத்தான் கேட்கணும். நம்மட பக்கம் கூட்டிப்போறன், கேட்டுப் பாருங்க" என்றார். ஒரு குறுகிய மணல் ஒழுங்கையின் வாயில் எங்களை இறக்கிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார்.

ஒழுங்கை முழுக்க வர்ணக் கடதாசித் தோரணம். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெண் மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எங்களையும் பைகளையும் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். "வாங்க, வாங்க! விடியவே வருவீங்கண்டு பார்த்துக்கொண்டு இருந்தன். டீச்சர், பையை இங்க தாங்க!" அவர்தான் பரீதா ராத்தா, அந்த ஒழுங்கைக்கே அக்கா. நிசாம் நானா போகிற வழியில் தொலைபேசியில் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவை டீச்சர் என்றது எப்படி? முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவருக்கு அது முகத்திலேயே எழுதியிருக்காதா என்ன!

அறையைப் பார்த்ததும் அக்கா என் கையைக் கிள்ளினார். மடிப்புக் கலையாத விரிப்புப் போட்ட இரண்டு கட்டில்கள், புது மின்விசிறி, மேசையில் மூடிவைத்த இனிப்புகள், வட்டலப்பமும் தொதலும். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டேன். ராத்தா வாயில் கையை வைத்துச் சிரித்தார். "காசா? என்ன கதை கதைக்கிறீங்க மகள்! முதல்ல சாப்பிடுங்க." இந்த ஊரின் விருந்தோம்பலைப் பற்றி அந்த இடத்திலேயே மனதுக்குள் இரண்டு பந்தி எழுதி முடித்துவிட்டேன்.

சாப்பிட்டு, ஒரு கண் தூங்கி எழுந்து ஒழுங்கையைச் சுற்றினோம். அன்று இரவு ஐந்தாவது வீட்டில் பொண்ணுக்கு மருதோண்டி போடுகிறார்கள், மறுநாள் நிக்காஹ். ஆனால் கல்யாண வீடு எது என்று வெளியாருக்குத் தெரியாது, எல்லா வீடும் கல்யாண வீடு போலவே இருந்தது. சோறாக்கும் கிடாரம் ஒரு வாசலில், கதிரைகள் இன்னொரு வாசலில். எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்கா, மீன் வியாபாரம் செய்கிறவர், மாதா படத்தின் கீழே ஆறு தலையணைகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளையிட மாமாமார் எங்கட வீட்டிலதான். இந்த ஒழுங்கையில ஒரு கல்யாணமெண்டா வீட்டுக்கு வீடு ஆக்களைப் பிரிச்சு எடுக்கிறது. பரீதாவுக்கு இந்தத் தரம் மாப்பிள்ளையோட படிப்பிக்கிற ரெண்டு டீச்சர்மார்" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்தே எத்தனை பிள்ளைகள் கணக்கில் தேறியிருப்பார்கள்!

நாங்கள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் ராத்தாவின் வாசலில் முச்சக்கரவண்டி நின்றது. பரிசுப் பொதியோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அசல் டீச்சர்மார். ராத்தா அவர்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். வட்டலப்பத்தில் முக்கால்வாசி எங்கள் வயிற்றில் இருந்தது. நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

ராத்தா கோபிக்கவில்லை. அவருடைய முகம் வாடியதுதான் தாங்க முடியவில்லை. "மாப்பிள்ளையிட பெரியம்மா மஃரிப் தொழுகைக்குப் புறகு மருதோண்டித் தட்டோட வருவா. வீடு வீடா வந்து அவங்கட ஆக்களை எங்க வச்சிருக்கெண்டு பார்ப்பா. ஒரு குறை கண்டாலும் பேச்சு எனக்கில்ல, பொண்ணுக்குத்தான். வாழ்நாளெல்லாம் சொல்லிக்காட்டுவாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அக்கா அதற்குள் இரண்டு பைகளையும் தோளில் போட்டுவிட்டார். நேரடிப் பஸ் போய்விட்டது. புத்தளம் போய்த்தான் மாற வேண்டும் என்று டீச்சர்மார் சொன்னார்கள். அதைக் கேட்டதும் ராத்தா வாசலை மறித்து நின்றார். "வாங்கண்டு கூப்பிட்ட வாயால போங்கண்டு எப்படிச் சொல்ற? இருங்க."

விரிப்பு மாற்றினோம், தட்டு நிரப்பினோம், நான்கு பேரும் ராத்தாவுமாக ஓடித் திரிந்தோம். டீச்சர்மார் நல்லவர்கள், அவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பைகள் குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போயின. எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது பெரியம்மா வந்துவிட்டார். உயரமானவர், குரல் அதைவிட உயரம். அறையைப் பார்த்தார், விசிறியைப் போட்டுப் பார்த்தார், டீச்சர்மாரை நலம் விசாரித்தார். பிறகு கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்ற எங்கள் மேல் கண் விழுந்தது.

"நாங்க ரெண்டு பேரெண்டுதானே சொன்ன. இவங்க ஆரு?"

ராத்தா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"அவங்க எங்கட ஆக்கள், மாமி. வேலைக்கு நிண்டவங்க."

பெரியம்மா தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சொன்ன பேச்சை மெய்யாக்க வேண்டாமா? ஐந்து நிமிடத்தில் எங்கள் இருவர் கையிலும் கத்தி, முன்னால் ஒரு சாக்கு வெங்காயம், இந்த மண்ணில் விளைந்த சின்ன வெங்காயம். ஸ்டெல்லா அக்கா எங்கள் அருகில் உட்கார்ந்து, அழுவதற்கு வேறு காரணமே வேண்டாம் என்று சிரித்தார். மருதோண்டிப் பாட்டு ஒரு வீட்டில், கிடாரம் கழுவும் சத்தம் ஒரு வீட்டில். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக வெங்காயம் உரித்ததில்லை. பிறகு பாயில்தான் படுத்தோம். கட்டில் கேட்ட அக்கா எனக்கு முன்னமே குறட்டை விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: என்னை மாதிரிச் செய்யாதீர்கள். ஊருக்குள் தங்க ஆசையென்றால் முதலில் ஒரு விடுதியில் அறையைப் பிடித்துவிட்டு, ஆற அமர வீடுகளை விசாரியுங்கள். ஆகஸ்டில் இடம் நெருக்கடி. தோள் மூடிய உடுப்பு, தலைக்கு ஒரு சால்வை வைத்திருங்கள். திரும்பும் நேரடிப் பஸ்ஸின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். யாராவது எதிர்பாராமல் வாருங்கள் என்றால், உள்ளே போகுமுன் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் பொண்ணை வழியனுப்பி, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகே எங்களை விட்டார்கள். கொண்டுபோன காசை ராத்தா தொடவில்லை. நன்றி சொன்னோம், அதற்கும் அவருக்குக் காது கேட்கவில்லை. ஸ்டெல்லா அக்காவின் வாசலைக் காட்டி, "இவட மகளுக்குத் தை மாசம் கல்யாணம். ரெண்டு நாள் முந்தியே வந்துருங்க, வேலை கிடக்கு" என்றார்.

நான் வாய் திறக்குமுன் கௌரி அக்கா சொன்னார்: "ஓம், வாறம்."