மாமாவும் எட்டு சிலிண்டர் காரும்

என் மாமா ஜீவமணி நாலடி பத்து அங்குலம். உப்பள முதலாளி தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் பதினோரு வருஷமாக டிரைவர். அண்ணாச்சியின் பேபி காரை மாமாவுக்கு அளவெடுத்துத்தான் செய்திருப்பார்கள். மேடு வந்தால் அண்ணாச்சி இறங்கி நடக்க வேண்டும். திரேஸ்புரம் கடற்கரை மணலில் புதைந்தால் நாலு பேர் கட்டிலைப் போலத் தூக்கி வைப்போம். ஆனால் ஜன்னலில் முழங்கையும் தலையில் தொப்பியுமாக மாமா உட்கார்ந்தால் கலெக்டர் தோற்றார்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அண்ணாச்சி எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் வாங்கினார். பேபி கார் எட்டயபுரத்து மருமகனுக்குப் போய்விட்டது. புதுசின் முன்மூக்கு மட்டுமே பழைய கார் நீளம். மாமா ஓட்டிப் பழகியபோது வெளியே தொப்பிதான் தெரிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏலே, ஆளில்லாம காரு வருதுலே! ஓடுங்கலே!”

வாய்ப்பாடு வராத பயல்கள் இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

சாயங்காலம் மாமா சாப்பிடவில்லை. “சாக்கு போட்டு உக்காந்தா ரோடு தெரியுது, காலு எட்டல. சாக்க எடுத்தா காலு எட்டுது, ரோடு தெரியல. நான் என்னலே செய்ய?”

சனிக்கிழமை கொழும்பு விருந்தாளியைத் துறைமுகத்திலிருந்து கூட்டிவர வேண்டும். அதற்குள் வண்டி கைக்கு வராவிட்டால் வேறு டிரைவர் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

சோப்புப் பெட்டிப் பலகையை அறுத்து, அடுக்கி, மாமாவின் செருப்புக்கு அடியில் கட்டையாக அடித்தேன். அன்றைக்குக் கத்தினது விளையாட்டுக்குத்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நாலு சாக்கும் கட்டைச் செருப்புமாக உட்கார்ந்தால் கண்ணும் எட்டியது, காலும் எட்டியது.

சனிக்கிழமை நான் துறைமுக வாசலில் நின்றேன். அண்ணாச்சியையும் விருந்தாளியையும் ஏற்றிக்கொண்டு கார் வெளியே வந்தது. ஒரு குலுக்கல் இல்லை. கண்ணாடிக்குள் மாமாவின் மூக்கு வரை தெரிந்தது.

சுவர்மேல் இருந்த பயல்கள் ஆரம்பித்தார்கள். “ஏலே, ஆளில்லாம காரு வருதுலே!”

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இன்னும் சத்தமாகக் கத்தச் சொல்லுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். விருந்தாளி முன்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

பின்னாலேயே ஓடினேன். தன் வீட்டு வாசலில் அண்ணாச்சி மாமாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்: “ஓட்டுனதுல ஒரு கொறையும் இல்ல வே. ஆனா ஊரு சிரிக்கே. நான் என்ன செய்ய?”

மாமா சாவியைக் கொடுத்தார்.

நடந்து வரும்போது கேட்டார். “யாரு மொதல்ல கத்துனதுன்னு தெரியுமாலே?”

“தெரியாது மாமா.”

“நல்லாத்தான்லே யோசிச்சிருக்கான்.” சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. “திங்கக்கெழம பஸ் கம்பெனியில வேல கேக்கப் போணும். அந்தக் கட்டைய எடுத்துத் தா.”

அவருக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிச் செருப்புதான். குறடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செருப்புக்கு நாலு ஆணி. நடுவழியில் கழன்றுவிடக் கூடாது என்று நானே தலை புதைய அடித்தவை. குறடு கவ்வ ஒரு நுனிகூட வெளியே இல்லை.