கால் எடுக்க முடியாத லொறி

உடுப்பிட்டியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் புறப்பட்டவன், காலை ஏழரைக்கு உரும்பிராய்ச் சந்தியில் பேருந்தைத் தவறவிட்டேன். சோம்பலுக்கு நல்ல தண்டனை என்று நினைத்துக்கொண்டு நின்றபோது, நான் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வளவுக்காரர் இராசரத்தினம் அண்ணை பெற்றோலில் ஓடும் தன் பழைய லொறியில் வந்தார். அவரும் உடுப்பிட்டிக்குத்தான் போகிறாராம். லொறி நிற்கவில்லை. நடக்கிற வேகத்துக்குக் குறைந்தது, அவ்வளவுதான்.

"ஓடியந்து ஏறும் தம்பி, நிப்பாட்டேலாது" என்றார்.

திருகோணமலையில் ஐம்பத்துச் சொச்சம் வருடம் மரியாதையாக வாழ்ந்த மனிதன் நான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடும் லொறியில் தொற்றி ஏறினேன். இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

காரணம் கோப்பாய்ச் சந்தியில் தெரிந்தது. குறுக்கே வாழைக்குலை ஏற்றிய வாகனம் ஒன்று போக, நாங்கள் காத்து நிற்க வேண்டியிருந்தது. அண்ணையின் கால் ஆக்சிலேற்றரில் கொஞ்சம் தளர்ந்ததுதான் தாமதம், எஞ்சின் இருமியது, உதறியது, என் பற்கள் கிடுகிடுத்தன. அவர் உடனே மிதித்து அதைப் பிடித்துக்கொண்டார். சூட்டோடு நின்றுவிட்டால் அரை மணித்தியாலத்துக்குத் திரும்பக் கிளம்பாதாம். புது பிளக் போட்டாயிற்று. காபரேற்றரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவி, ஊசித்துவாரங்களை வாயால் ஊதியாயிற்று. திருகாணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் மசியவில்லை.

பிறகு ஏன் ஐயா இதைக் கொண்டு புறப்பட்டீர்கள் என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். நீர்வேலி, புத்தூர் என்று தோட்டங்கள் பின்னால் போய்க்கொண்டிருக்க, அவர் மெதுவாகச் சொன்னார். மனைவி பரமேஸ்வரிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஒன்றரை மாதமாக உடுப்பிட்டியில் தங்கை வீட்டில் இருக்கிறா. இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். லொறியின் படி உயரம், யாராவது தாங்கி ஏற்ற வேண்டும். ஆனால் இவர் காலை எடுத்து இறங்கினால் லொறி நின்றுவிடும். சத்திரசிகிச்சைக்கு முன்பு ஒருநாள் மருதனார்மடம் சந்தைக்கு முன்னால் அப்படித்தான் நின்றது. காலை மடக்க முடியாத பரமேஸ்வரி அக்கா இறங்கவும் முடியாமல் உள்ளேயே இருக்க, மரக்கறி வியாபாரிகள் சேர்ந்து லொறியைத் தள்ளினார்கள். உந்தச் சத்தம் கேட்டால் இனி நான் ஏறமாட்டன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாவாம்.

ஓட்டோ பிடிக்கலாமே என்றேன்.

"ஓட்டோவிலை காலை நீட்டேலாது தம்பி. இதிலை நீட்டலாம்."

அப்போதுதான் என் இருக்கையைக் கவனித்தேன். முன்பலகையை நகர்த்தி, கால் நீட்ட இடம் விட்டு, தும்பு மெத்தையொன்று புதிதாகத் தைத்துப் போட்டிருந்தார். அக்காவுக்காகத் தைத்த மெத்தையில் நான் சேற்றுச் செருப்போடு இருந்தேன் என்று வெட்கமாகப் போயிற்று. காலைத் தூக்கித் தட்டிவிட்டேன்.

வல்லை வெளிக்கு வரும்போது எட்டேகாலாகிவிட்டது. இருபுறமும் வெட்டவெளி, உப்புக் காற்று. இந்த வழியால் போகிற சாரதிகள் முனியப்பர் கோவிலடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தாமல் போகமாட்டார்கள். அண்ணை சில கிழமைகளாக ஓட்டத்திலேயே ஒற்றைக் கையால் கும்பிட்டுவிட்டுப் போகிறாராம். இன்றைக்கு மனம் கேட்கவில்லை. என்னைச் சாரதி இருக்கைக்கு நகர்த்தி, ஆக்சிலேற்றரில் என் காலை வைக்கச் சொல்லிவிட்டு இறங்கினார்.

கும்பிட்டு முடித்து ஊதுபத்தியோடு வந்தவர் முன்மூடியைத் திறந்தார். வாகனத்துக்கும் காட்ட வேண்டுமாம். பெற்றோல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நெருப்பா என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவில்லை. விசிறிக் காற்றில் புகை பின்னால் பறந்தது. பத்தி காபரேற்றருக்குக் கீழே வந்ததும் புகை சட்டென்று வளைந்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் ஓரத்துக்குள் நூல்போல் இழுபட்டுப் போனது. அண்ணை பத்தியை எறிந்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

உதறல் நின்றது.

"காலை எடும்."

பயந்து பயந்து எடுத்தேன். எஞ்சின் தன்பாட்டில் ஓடியது. அவர் விரலை எடுக்காமலே கதையைச் சொன்னார்.

பெற்றோல் கிடைக்காத யுத்தகாலத்தில் இந்த லொறி மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் கிளப்புவதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும். அதற்காக அந்தக் குழாயில் அவர் ஓட்டை ஒன்று போட்டிருந்தார். அவர் முன்னால் நின்று கைபிடியைச் சுழற்ற, பரமேஸ்வரி அக்கா பிள்ளையின் சூப்பிப் போத்தலில் இருந்து பெற்றோலை அதற்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, எஞ்சின் பிடித்ததும் ஓட்டையை விரலால் பொத்துவாவாம். நல்ல காலம் வந்ததும் ஓட்டையை இறப்பர்த் துண்டால் அடைத்தார். எண்ணெய்க் கறை மூடியது, அவரும் மறந்துபோனார். இறப்பர் சுருங்கி, வேண்டாத காற்று அவ்வழியாக உள்ளே போயிருக்கிறது.

"அவள் விரல் வைச்ச இடம். அதை மறந்து போனன் பாரும்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

என் செருப்பின் குதிப்பக்கத்தில் ஒரு துண்டை வெட்டிச் செருகினோம். பிறகு பித்தளையில் ஆணி கடைந்து போடுவாராம்.

உடுப்பிட்டி வீட்டுப் படலையடியில் லொறியை நிறுத்தினார். இறங்கினார். எஞ்சின் பின்னால் தனியே ஓடிக்கொண்டிருக்க, முற்றத்துக்குப் போய்க் கையை நீட்டினார். ஊன்றுகோலோடு வாசலில் நின்ற அக்கா அவரைப் பார்க்கவில்லை. லொறியைத்தான் பார்த்தா, தலையைச் சரித்துக் காது கொடுத்தா.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்கை ஒருத்தரும் காலை வைச்சுக்கொண்டிருக்கேல்லையோ?"

"இல்லை. நான் இஞ்சை நிக்கிறன்."

அக்கா ஊன்றுகோலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்தா.

குதி குறைந்த செருப்போடு நான் என் நண்பர் வீட்டை நோக்கி ஒழுங்கையில் நொண்டி நடந்தேன். பின்னால் வந்த லொறி என்னருகில் நின்றது. முழுதாக நின்றது. மெத்தையில் காலை நீட்டியிருந்த அக்கா, "போட்டு வாறம் தம்பி" என்றா. திருகோணமலையில் நாங்கள் ஓடுகிற வாகனத்தில் இருந்தே கையாட்டிவிட்டுப் போய்விடுவோம். சொல்லிக்கொண்டு போவதற்கென்றே ஒரு லொறி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.