வீரம்மாவின் கட்டைவிரலும் ராஜினியின் கம்பளமும்

சாலாக் செலாத்தானில் குடியிருக்கும் வீரம்மா சாயம் அடிப்பவள். வெறும் சாயம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். சுவர் அடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுவரும் தரையும் சேருமிடத்தில் அறையைச் சுற்றி ஓடுகிறதே ஒரு மரப்பட்டை, ஸ்கர்ட்டிங் என்பார்கள், அதை அடிக்க அவள் ஒருத்திதான். அதிலும் தரையில் கம்பளம் இருந்துவிட்டால் மற்றவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவார்கள். வீரம்மா சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். முப்பது ஆண்டுகளில் அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்த தூரத்தைக் கூட்டினால் கிள்ளானுக்குப் போய், மீன் வாங்கிக்கொண்டு, மீன் கெடுவதற்குள் திரும்பிவிடலாம்.

அந்த முப்பது ஆண்டில் எந்தக் கம்பளத்திலும் ஒரு சொட்டு விழுந்ததில்லை. ஒருமுறை பங்சாரில் ஒரு சொட்டு பிரஷை விட்டுக் கிளம்பியதாம். வீரம்மா முறைத்த முறைப்பில் அது பாதி வழியிலேயே காய்ந்துவிட்டதாம். அவளுக்கு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர் முகுந்தன் இதைச் சத்தியம் செய்து சொல்வார். பாதியை நம்பலாம்.

கம்பளத்தைக் காப்பாற்றியவள் கையைக் காப்பாற்றவில்லை. பிரஷ் கழுவச் சாயம் கரைக்கும் தின்னர், பிசிறு துடைக்கத் தின்னர், கை கழுவவும் அதே தின்னர். அது அவளுடைய கட்டைவிரல் ரேகைகளைத் தேய்த்துத் தேய்த்து எவர்சில்வர் தட்டு மாதிரி ஆக்கிவிட்டது. வேறொருத்திக்கு அது ஒரு பொருட்டில்லை. வீரம்மாவுக்கு அந்த ரேகையில்தான் எல்லாமே மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிய வேண்டிய அப்பா, மழை விட்டதும் போகலாம் என்றிருந்தார். அந்த மழை ஐம்பத்தாறு ஆண்டு பெய்தது. அதனால் வீரம்மாவுக்குச் சிவப்பு ஐசி. இங்கே இரு, ஆனால் நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்கிற அட்டை. ஓட்டு கிடையாது. பாஸ்போர்ட் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்த தங்கைக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். வீரம்மா ஜொகூர் வரை பஸ் ஏறிப்போய், பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த தங்கை, அக்கா கட்டியிருந்த சேலையின் கரை வரைக்கும் சரியாகச் சொன்னாளாம். ஒருத்தியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நீ விருந்தாளிதான் என்று சொன்னால் எப்படியிருக்கும்? வீரம்மாவுக்கு ஐம்பத்தாறு ஆண்டும் அப்படித்தான் இருந்தது.

நான்கு முறை மனுப்போட்டு, கடைசியில் குடியுரிமை கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. பதிவு அலுவலகத்து இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டால், நாட்டுக்காரர்களுக்கான நீல ஐசி. வைத்தாள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. இன்னொரு நாள் போய் வைத்தாள். மறுபடியும் சிவப்பு. அங்கே முகப்பு மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி, மலாயில் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். "மக்சிக், ஒரு மாதம் கைக்கு ஓய்வு கொடுங்கள், ரேகை ஏறிவரும்" என்று புதுத் தேதி போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஒரு மாதம் வீரம்மா தன் கையை வளர்த்த மாதிரி யாரும் பிள்ளை வளர்த்திருக்க மாட்டார்கள். தேங்காயெண்ணெய் தடவிப் பருத்திக் கையுறையோடு தூங்கினாள். வெங்காயம் உரிக்கவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எதையோ சொல்லி வம்புக்கு இழுத்தபோது கையை நீட்டிப் பேசக்கூட இல்லை.

தேதி புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. செவ்வாய் மாலை முகுந்தன் போன் செய்தார்.

"அக்கா, கம்பள ரூம்ல ஒரே ஒரு சுவரு ஸ்கர்ட்டிங் லா. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ராஜினி மேடம் வீடு. மூணு பக்கம் ஆள் அடிச்சிட்டான், கதவுப் பக்கம் பாக்கி. அவனுக்கு டெங்கி."

"நாளைக்கா? என் விரல மறந்துட்டியா?"

"அதுக்குத்தான் சொல்றேன். காலைல முடிச்சிருங்க. ஒரு மணிக்கு லோரி கொண்டுவந்து நானே ஆபிஸ்ல இறக்கிவிடுறேன்."

மனுத்தாள் நான்கையும் எழுதிக் கொடுத்தவர் முகுந்தன். அவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. தவிர, கம்பளத்து ஸ்கர்ட்டிங்கை வேறு எவனோ தொட அவள் விடமாட்டாள்.

ராஜினி முப்பத்தைந்து ஆண்டு அரசாங்கத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தார். அறையில் பால்கோவா நிறத்தில் ஒரு கம்பளம். கட்டில், மேஜை, அப்பா காலத்துத் தேக்கு அலமாரி எல்லாம் அறை நடுவே தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

"இதில ஒரு துளி விழக்கூடாது, கேட்டீங்களோ," என்றார் ராஜினி.

"என் கையில இதுவரைக்கும் விழுந்ததில்ல மேடம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. நான் கிள்ளானுக்குப் போறன், திரைச்சீலைத் துணி எடுக்க. கிரில்லைப் பூட்டிட்டுப் போறன். உங்களுக்கொரு சாவி கூடத்தில ஆணியில தொங்குது. முடிச்சுப் பூட்டிக் கீழ வாசல் கார்ட்டிட்டக் குடுங்கோ."

வீரம்மா முதலில் கைக்கு அரண் கட்டினாள். வாசலீன் தடவி, பருத்திக் கையுறை போட்டு, அதற்குமேல் ரப்பர் கையுறை மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை ஐந்து சுற்றுச் சுற்றினாள். முகப்பில் போய் நின்ற பிறகுதான் இதைப் பிரிப்பது என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டாள். பிறகு டேப், பிளாஸ்டிக் தாள், போன் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கூடத்துச் சோபாவில் வைத்தாள். அறைக்குள் சாய டின், பிரஷ், குறடு, ஒரு துண்டுத் தகரம். அவ்வளவுதான்.

மற்ற நாளாக இருந்தால் அந்தத் தகரத்தை மரப்பட்டைக்கும் கம்பளத்துக்கும் நடுவே செருகி, கட்டைவிரலால் கம்பளத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாண் சாணாக நகர்ந்துபோவாள். கம்பளத்தின் ஓரத்துக்குக் கீழே அதைக் கவ்விப் பிடிப்பதற்கு ஓர் ஆணிப்பட்டை உண்டு. நூற்றுக்கணக்கான சின்ன ஆணிகள், எல்லாம் முனையை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்துகிற விரலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ருசி பார்க்காமல் விடாது.

இன்றைக்கா அந்த ஆணிக்கு விரலைக் கொடுப்பது? வீரம்மா யோசித்தாள். யோசித்து, முப்பது ஆண்டில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். கதவைச் சாத்தினாள். குறட்டால் கம்பளத்தின் ஓரத்தை ஆணிகளிலிருந்து கழற்றி, கதவுப் பக்கம் முழுக்கப் பாயைச் சுருட்டுவதுபோல் ஓர் அடி சுருட்டி, சுருள் திரும்பாமலிருக்கச் சாய டின்னை முட்டுக் கொடுத்தாள். வேலை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. பன்னிரண்டரைக்கு முடிந்தது. மரப்பட்டை பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னியது. எழுந்து முழங்கையால் கதவுப்பிடியை அழுத்தி இழுத்தாள்.

கதவு நான்கு விரற்கடை திறந்து நின்றுவிட்டது.

கதவு உள்பக்கம் திறப்பது. அதன் வழியில் கம்பளச் சுருள் மலைப்பாம்புபோல் படுத்திருந்தது. இன்னும் சுருட்டலாம் என்றால் தேக்கு அலமாரி கம்பளத்தின் மேல் ஏறி நிற்கிறது. ஆறு பேர் சேர்ந்து நகர்த்திய அலமாரி. ஆறாவது ஆள் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. விரித்துவிடலாம் என்றால் பால்கோவா நிறக் கம்பளம் நேரே ஈரச் சாயத்தில் போய் ஒட்டும். அது எண்ணெய்ச் சாயம். காய மாலையாகிவிடும்.

வீரம்மா அப்படியே உட்கார்ந்தாள். தூசி பறந்து சாயத்தில் ஒட்டும் என்று விசிறியைப் போடவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. கையுறைக்குள் வியர்வை ஊறியது. கூடத்தில் போன் அடித்தது, ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. நான்கு விரற்கடை வழியே பார்த்தால் சோபாவில் பை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் சுவரில் சாவியும் தெரிந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, எதுவும் கைக்கு எட்டவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஊர் மாதிரி.

ஒன்று இருபதுக்கு வாசல் கிரில் கதவு தடதடவென்று ஆடியது.

"அக்கா! போனை எடுக்க மாட்டீங்களா?"

"உள்ள மாட்டிக்கிட்டேன் முகுந்தா."

"கதவத் திறங்க."

"கம்பளம் தடுக்குது."

"கம்பளத்த விரிங்க."

"சாயம் ஈரம்."

முகுந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "அக்கா, மணி ஒண்ணு இருபத்தஞ்சு. ரோட்டுல ஜாம். சாயமா பெரிசு, ஐசியா?"

"பிறத்தியார் கம்பளம்டா. முப்பது வருஷத்துல ஒரு சொட்டு விட்டதில்ல. நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

"அது நான் அளந்து விட்டது லா."

"நீ அளந்ததும் நெசந்தான்."

முகுந்தன் ராஜினிக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி, கையைக் கிரில்லுக்குள் விட்டு நீட்டினார். கிள்ளான் துணிக்கடையின் இரைச்சலோடு ராஜினியின் குரல் கூடத்துக்குள் வந்தது.

"என்ன, கொட்டிப்போட்டீங்களோ?"

வீரம்மா கதவிடுக்கில் வாயை வைத்து நடந்ததைச் சொன்னாள். மூன்று மணியைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு கம்பளத்தை விரிக்க அனுமதி கேட்பதற்கு ஒரு பிறப்பின் கதையையே சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் துணி கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை வருசமாச் சிவப்பு?" என்றார் ராஜினி.

"பொறந்ததுலேருந்து மேடம்."

"நான் எத்தனை கோப்பு பார்த்தனான் தெரியுமோ. திகதி போச்சுதெண்டால் அந்தக் கோப்பு அடியில போயிரும், பிறகு மேல வராது. கார்ப்பெட் கிடக்கட்டும். விரியுங்கோ."

"மேடம், கறை..."

"விரியுங்கோ எண்டன். நான் உங்களிட்டக் கேக்கேல்ல, சொல்லுறன்."

வீரம்மா முட்டுக் கொடுத்த டின்னைக் காலால் தள்ளினாள். சுருள் புரண்டு விரிந்து, 'சப்'பென்று ஈரச் சாயத்தில் போய் முத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரம் நாய்க்காது மாதிரி தூக்கி நின்றது. கதவு அதிலும் தடுக்கியது. கையால் அழுத்தலாமா? மாட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறும் குதிகாலால் ஓங்கி மிதித்தாள். ஒரு மாதமாக விரலுக்காகக் காத்திருந்த ஆணி, கிடைத்த குதிகாலை ஏற்றுக்கொண்டது. கதவு திறந்தது. அவள் கூடத்துக்கு வந்து சாவியை எடுத்தபோது பின்னால் கம்பளத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. சாயமல்ல, சிவப்பு.

லோரி பறந்தது என்று சொன்னால் பொய். ஊர்ந்தது. "கையுறைய கழட்டுங்கக்கா, காத்துப் படட்டும்," என்று முகுந்தன் மூன்று முறை சொன்னார். வீரம்மா மடியில் இரண்டு கைகளையும் நெய்க்கிண்ணம்போல் ஏந்தி வைத்துக்கொண்டு அசையவில்லை. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முகப்பில் போய் நின்று, பல்லால் டேப்பைக் கடித்துப் பிரித்து, கையுறைகளை உருவினாள்.

உள்ளே இருந்தது அவள் கை மாதிரியே இல்லை. ஆறு மணி நேரம் வியர்வையில் ஊறி, பத்து விரலும் உப்பு நெல்லிக்காயாகச் சுருங்கிப் போயிருந்தன. கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.

முகப்புப் பெண் அந்த விரலைப் பார்த்தாள், வீரம்மாவின் குதிகாலில் கட்டியிருந்த சாயத் துணியையும் பார்த்தாள். "மக்சிக், போய் ஏர்கான் கீழே உட்காருங்கள். நாலரை வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்."

வீரம்மா உட்கார்ந்தாள். கைகளை விரித்து முன்னால் நீட்டிக்கொண்டாள். வந்தவர் போனவரெல்லாம் அவள் ஏதோ வேண்டுதலில் இருக்கிறாள் என்று சுற்றிப் போனார்கள். எந்தப் பொருளையும் தொட முடியாது, மூக்கு அரித்தால் சொறிய முடியாது, எழுந்து போகவும் முடியாது. ஒன்பதாவது மாடி அறையாவது நான்கு விரற்கடை திறந்திருந்தது. இங்கே அவள் தன் தோலுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தாள். முகுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய படிவத்தால் அவள் விரலுக்கு விசிறினார்.

நாலு இருபதுக்குச் சுருக்கங்கள் அவிழ்ந்தன. எழுந்து போய் வைத்தாள். விளக்கு யோசித்தது. இன்னும் யோசித்தது. அப்புறம் பச்சை.

மறுநாள் அவள் ராஜினி வீட்டுக்குத் தானாகவே போனாள். கம்பள ஓரத்துச் சாயக் கறையைத் தின்னரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பாதி போனது. இரத்தச் சொட்டை உப்புத்தண்ணீர் வைத்துத் தேய்க்கக் குனிந்தபோது ராஜினி தடுத்தார்.

"விடுங்கோ. கட்டில் வந்தால் மறைஞ்சிடும். எப்ப அட்டை தருவினமாம்?"

"வந்துரும்னு சொல்லியிருக்காங்க மேடம்."

"வந்தவுடன எனக்குக் காட்ட வேணும். போட்டோ நல்லா இராது, அது எனக்குத் தெரியும்."

கம்பளம் ஒட்டிப் பிய்ந்த இடத்தைத் தேய்த்து வீரம்மா மறுபடியும் சாயம் அடித்தாள். இந்த முறை கதவைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்ததும் ராஜினி தேநீர் போட உள்ளே போன நேரம் பார்த்து, வலக்கைக் கையுறையை உருவினாள். கீல் பக்கத்து மூலையில், கதவு திறந்தால் மறைந்துவிடுகிற இடத்தில், ஈரச் சாயத்தின்மேல் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தி எடுத்தாள். இயந்திரம் அத்தனை நேரம் யோசித்ததைச் சாயம் ஒரே தரத்தில் வாங்கிக்கொண்டது. சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் விழுந்திருக்கிறது.

ராஜினி இன்னும் அதைப் பார்க்கவில்லை. யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.