நேர்ந்துவிட்ட சேவலும் என் வலது முட்டியும்

என் மனைவியை அடக்கம் செய்த இடத்தை ஏறக்குறைய ஓராண்டு காலம் நான் பார்க்கவில்லை. கந்தப்பளைக்கு மேலே, அவள் பிறந்த தோட்டத்தின் உச்சியில் அது இருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்ணை வெட்டி அமைத்த படிகளில்தான் ஏற வேண்டும். அடக்கத்தன்று முதல் வளைவிலேயே என் வலது முட்டி மடங்க மறுத்துவிட்டது. பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர், "சேர், உங்களையும் தூக்கிக்கிட்டுப் போயிருவோம், யோசிக்காதீங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஒரே நாளில் ஒரே வீட்டிலிருந்து இருவரைத் தூக்க வைப்பது முறையல்ல என்று தோன்றியது. வளைவிலேயே நின்றேன். தப்பு மேளத்தின் ஓசை மேலே ஏறி, மூடுபனிக்குள் போய், பிறகு ஓய்ந்தது.

வருடத் திவசத்திற்கு அங்கே ஏறிப் பால் ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர அந்த ஆண்டில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதற்காகவே நுவரெலியாவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். துணைக்கு மனைவியின் தங்கை வந்தாள்.

டொக்டர் இளைஞர், தோட்டத்துப் பிள்ளை என்பது பேச்சிலேயே தெரிந்தது. வீங்கிய முட்டியிலிருந்து முதலில் நீரை எடுக்க வேண்டும் என்றார். வைக்கோல் ஊறிய தண்ணீரைப்போல மஞ்சளான நீர் ஊசிக்குழாயில் ஏறி வந்தது. நான் விலங்கியல் கற்பித்தவன். மூட்டின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைந்து, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு இழுத்து, 'மூட்டுத் திரவம்' என்று பெயர் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். அந்தக் கோட்டை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

கையுறை அணிந்த இரு விரல்களுக்கிடையே ஒரு துளியை வைத்து டொக்டர் மெல்ல விரித்தார். அது சற்றே நீண்டு அறுந்தது.

"நல்ல முட்டின்னா நூல் மாதிரி நீளும் சேர். உங்களோடது சட்டுனு அறுந்துருது பாருங்க. பசை கொறஞ்சிருச்சு."

இன்னொரு முறை காட்டச் சொன்னேன். காட்டினார். இவ்வளவு சிறிய ஈரத்தின் மேல்தான் ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் நடந்திருக்கிறான் என்பதை என்னால் உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பசையை வெளியிலிருந்து செலுத்தலாம் என்றார். இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். "ரெண்டுலயும் ஒரே சாமான்தான், ஹயலூரோனிக் அசிட். இது கெட்டியானது, ஒரே ஊசியோட முடிஞ்சிரும். சேவல் கொண்டையில இருந்து எடுக்குறாங்க. இந்த மத்தது கிருமிய வளத்து அதுல இருந்து எடுக்குறது. வாரத்துக்கு ஒண்ணா மூணு ஊசி. எதப் போட்டாலும் தேஞ்ச முட்டி புதுசாகாது. சில பேருக்குக் கொஞ்ச காலம் வலி கொறையும், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. அத இப்பவே சொல்லிர்றேன்."

"சேவல் கொண்டையிலயா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள் மனைவியின் தங்கை.

தாதி என்னிடம் கேட்டார்: "கோழி, முட்டை ஏதும் ஒத்துக்காதா ஐயா?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அத்தான் கோழிய தொடவே மாட்டாரு. ஊட்டுக்குள்ளயே எடுக்குறதில்ல."

டொக்டர் முதல் பெட்டியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "அப்ப இது வேணாம்."

அது ஒவ்வாமை அல்ல, நேர்த்திக்கடன் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. மனைவி பிறந்த தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறம் ரோதமுனி இருக்கிறார். ஒரு கல், ஒரு வேல். இலையை அரைக்கும் சக்கரங்களான ரோதைகளுக்கெல்லாம் அவரே காவல். அந்த ரோதைகளுக்கு எண்ணெய் விட்டவர் என் மாமனார். என் முட்டி தேயத் தொடங்கியபோது மனைவி ஒரு சேவல் குஞ்சை முனிக்கு நேர்ந்துவிட்டாள். "இம்மாம் பெரிய ரோதைய சுத்த வைக்கிற சாமி, உங்க ஒத்த முட்டிய சுத்த வைக்காதா?" என்பது அவள் வாதம். முட்டி குணமானதும் சேவலைக் கொடுக்க வேண்டும். அதுவரை வீட்டில் கோழி எடுப்பதில்லை. முட்டி குணமாகவில்லை. அவள் போய்விட்டாள். சேவல் முற்றத்தில் நடக்கிறது.

சொல்லி முடித்தேன். டொக்டர் இழுப்பறையைத் திறந்து பெட்டியை மறுபடி வெளியே வைத்தார். "எங்க அம்மாவும் என் பரீட்சைக்கு ஒரு சேவல் நேந்தாங்க சேர். மொதல் தடவ நான் பெயில். அதனால அந்தச் சேவல் இன்னொரு வருஷம் வாழ்ந்துச்சு."

"பாவம், பாஸாகாமலே இருந்திருக்கலாம்" என்றாள் மனைவியின் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒரே ஊசின்னா லேசுதான் அத்தான். மூணு வாட்டி இந்தக் குளிர்ல பஸ் ஏற வேணாம். ஆனா கொண்டைய முட்டியில ஏத்திக்கிட்டு முனி முன்னாடி எப்புடி நிப்பீங்க? எனக்குக் குடுக்குறதுக்கு முன்னாடியே நீ எடுத்துக்கிட்டியான்னு கேக்காதா?"

இரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவலின் கொண்டையை நிமிர்த்தி வைப்பதும், முட்டியை வழுக்க வைப்பதும், கண்ணின் உருண்டையை நிரப்பி நிற்பதும் ஒரே பொருள். பாடமாக இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இறந்த மனைவியின் கண்களை மூடியது என் கை. அந்த இமைகளுக்குப் பின்னால் இருந்ததும் இதுதான் என்பது அந்த மேசையின் முன்னால்தான் எனக்கு உறைத்தது. படைப்பின் சிக்கனத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சேர்?" என்றார் டொக்டர்.

"மூன்று ஊசி போடுங்கள்" என்றேன்.

காரணத்தை அவர் கேட்கவில்லை. முட்டி குணமாகும்வரை கோழி இல்லை என்பது மனைவி வைத்த விதி. அதைச் சமையலறைக்கு மட்டும் உரியது என்று நான் சுருக்க விரும்பவில்லை.

மூன்று வாரமும் பஸ்ஸில் போய் வந்தேன். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னர் ஒரு காலை, கட்டிலிலிருந்து எழுந்து அடுப்படிவரை போன பிறகுதான், முட்டியைப் பற்றி நினைக்காமலே நடந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

திவசத்தன்று பால் செம்போடு ஏறினேன். வளைவில் நிற்கவில்லை, அதற்கு மேலே பல இடங்களில் நின்றேன். மனைவியின் தங்கை முன்னால் போய்ப் போய்த் திரும்பிப் பார்த்தாள். உச்சியில் மண்மேடு தாழ்ந்து புல் மூடியிருந்தது. கீழே மலை மடிப்புகள் எல்லாம் ஒரே பச்சையாய் இறங்க, நான் அன்று நின்ற வளைவு தெளிவாகத் தெரிந்தது. அன்று மூடுபனி இல்லாதிருந்தால், அங்கு நின்ற என்னை இங்கிருந்து பார்க்க முடிந்திருக்கும். பாலை ஊற்றினேன். மண் அதை ஓசையின்றி வாங்கிக்கொண்டது.

"ஏறிட்டீங்களே அத்தான்" என்றாள் அவள். "அப்ப முட்டி குணமாயிருச்சா? சேவல வெள்ளிக்கெழம கொண்டு போயிரட்டுமா?"

அக்காள் கையால் வளர்ந்த உயிர்களில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்பது அவளுக்கும் தெரியும்.

"முழுவதும் குணமாகவில்லை. இறங்கும்போது வலிக்கும்" என்றேன்.

அவள் என் முட்டியைப் பார்த்தாள். "அதான, வலிக்கத்தானே செய்யும்" என்று செம்பை வாங்கிக்கொண்டாள். "முனிகிட்ட நான் சொல்லிர்றேன்."

இறங்கும்போது உண்மையிலேயே வலித்தது. முற்றத்தில் சேவல் எங்களைக் கண்டு தலையைச் சாய்த்தது. மாலை வெயில் அதன் கொண்டைக்குள் புகுந்து மறுபுறம் சிவப்பாக வெளியே வந்தது. உள்ளே போகத் தோன்றாமல் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.