தோல் ஷாப்பில் காய்ந்த வெள்ளைத் துண்டுகள்

அது 1983-ஆம் வருடத்து ஐப்பசி மாதம். ஆம்பூரில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா இல்லை. அக்காவை மெட்ராஸில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அம்மாவுக்குத் தெருக்கோடியில் இருந்த தோல் ஷாப்பில் வேலை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றால் கடை இல்லை, தோல் பதனிடுகிற இடம். எனக்கு ஷூ கம்பெனியில் பேஸ்டிங். தோலின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டி ஒட்ட வேண்டும். கோடு ஒரு நூல் தள்ளிப் போனாலும் சூப்பர்வைசர் கத்துவார். என்னிடம் அவர் கத்தியதில்லை. என் கை ஆடாது.

அந்தக் கைதான் எனக்கு ஆசை காட்டியது.

அந்த வருடம் எங்கள் முதலாளி வீட்டில் கல்யாணம். பெண்ணுக்கு அலங்காரம் செய்ய மெட்ராஸிலிருந்து ஒரு பியூட்டி பார்லர் மேடம் காரில் வந்திருந்தார். கூடமாட ஒத்தாசைக்குக் கம்பெனியிலிருந்து எங்களில் சிலரை அனுப்பியிருந்தார்கள். நான் ஹேர்பின் எடுத்துக்கொடுத்துக்கொண்டு நின்றேன். பெண்ணின் புருவத்துக்கு மேலே கடுகளவு கற்களை வரிசையாக ஒட்டவேண்டிய நேரத்தில் மேடமுக்கு உதவியாக வந்திருந்த பெண்ணுக்குக் கை நடுங்கியது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், நான் ஒட்டட்டுமா என்று கேட்டுவிட்டேன். ஒட்டினேன். மேடம் தள்ளி நின்று பார்த்தார்.

"நல்ல கைம்மா உனக்கு. இங்க ஏன் வேஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கே? என் கோர்ஸுக்கு வா" என்றார்.

மூன்று மாத இன்டென்சிவ் கோர்ஸ். காலையிலிருந்து இரவு வரைக்கும் பயிற்சி. ஃபேஷியல், த்ரெடிங், முடி வெட்டுவது, மணப்பெண் அலங்காரம் எல்லாம். நாலைந்து பெண்களைத்தான் எடுப்பாராம். சேருவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து அவருடைய கஸ்டமர் ஒருவருக்கு முகம் துடைத்து, வெந்நீர்த் துண்டு போட்டுக் காட்ட வேண்டும். வெள்ளைக் கோட்டும் வெள்ளை டர்க்கி டவல்களும் நாமே கொண்டுபோக வேண்டும். கை பிடித்திருந்தால் மறுநாளே வகுப்பு.

அப்போது எங்கள் ஊரில் பெண்களுக்கு என்று ஒரு பார்லர் கிடையாது. கோஷாவில், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற பெரிய வீட்டுப் பெண்களுக்கு, வீட்டுக்கே வந்து செய்கிற ஒருத்தி கிடைத்தால் விடமாட்டார்கள். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், அப்புறம் அம்மா ஷாப்புக்குப் போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்து இழுத்து அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போயிருந்தது.

எடுத்த சீட்டுப் பணத்தைக் கோர்ஸுக்கு என்று ஒதுக்கினேன். கம்பெனியில் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொன்னேன். சூப்பர்வைசர் சிரித்தார். "திரும்பி வந்தா இந்த டேபிள் இருக்காதும்மா" என்றார். வந்தால்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு இல்லாமல் போனாலும் மனக்கொழுப்பு எனக்கு அப்போது ஜாஸ்தி.

முதல் வேலை, கையைச் சரிசெய்வது. சொல்யூஷன் பட்டுப் பட்டு விரல்களில் தோல் உரிந்து சொரசொரப்பாக இருந்தது. எலுமிச்சம்பழத் தோலில் சர்க்கரையைத் தொட்டுத் தினமும் தேய்த்தேன். ராத்திரியில் தேங்காய் எண்ணெய். பேஸ்டிங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் வீட்டுப் பெண் ஒருத்தி எனக்கு நல்ல தோஸ்த். சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். அவள் முகத்தில்தான் பழகினேன். நெற்றியிலிருந்து காது வரைக்கும், மோவாயிலிருந்து மேலே, ரவுண்டு ரவுண்டாக. பழைய துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து முகத்தில் போடுவேன்.

"உன் கோர்ஸ் முடியறதுக்குள்ள என் மூஞ்சி தேஞ்சு பூடும்டி" என்பாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "ஆனா சொகமா இருக்குது, இன்னொரு வாட்டி போடு" என்பாள்.

புது டவல்களை ஆற்காட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வாங்கினோம். பஞ்சு மாதிரி இருந்தன. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அலசாமல் கொண்டுபோகக்கூடாது என்று அம்மா சொன்னாள். அண்டாவில் சோப்பு கரைத்து வேகவைத்துத் துவைத்து, நீலம் போட்டு அலசினாள். அன்றைக்குப் பிடித்தது மழை. விடவேயில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்டோம், கனமான துண்டுகள், சொட்டச் சொட்டத் தொங்கின. நான் மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷாப்பில் தோலைத் தொங்கவிட்டுக் காயவைக்க ஒரு பெரிய மாடி உண்டு. நாலு பக்கமும் திறந்திருக்கும், காற்று பிய்த்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் ஷாப்பில் வேலைசெய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் குழந்தைத் துணி, போர்வை எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுபோய்க் காயவைப்பார்கள். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். அம்மா என் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். தோலின் சாயம் வெள்ளையில் ஒட்டிவிடுமோ என்று அவளுக்குப் பயம். மேஸ்திரியிடம் கெஞ்சிக் காற்று வருகிற ஓரத்துக் கழியை வாங்கி, தோலுக்கும் துண்டுக்கும் நடுவில் தன் புடவையைத் திரையாகக் கட்டியிருக்கிறாள். மறுநாள் துண்டுகள் மொறுமொறுவென்று காய்ந்து வந்தன. ஒரு புள்ளி கறை இல்லை.

"பாத்தியா, கொக்கு மாதிரி இருக்குது. சும்மா போய்ட்டு வா" என்றாள் அம்மா. ஒவ்வொரு துண்டின் மடிப்புக்குள்ளும் சந்தன சோப்பின் காகிதத்தை வைத்துப் பெட்டியில் அடுக்கினாள். நான் முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். சந்தனம்தான் மணந்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. என் தோஸ்த்துக்கும் தெரியவில்லை.

மெட்ராஸில் அக்கா வீட்டில் இறங்கி, மறுநாள் காலையிலேயே பார்லருக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி, உள்ளே போனதும் உடம்பு சிலிர்க்கிற ஏசி. மேடம் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாம்மா ஆம்பூர்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வயதான, பெரிய இடத்து அம்மாள். பக்கத்து ஸ்டூலில் அவருடைய கைப்பை. பிரவுன் கலர், அசல் தோல். ஓரத்து மடிப்பைப் பார்த்ததுமே நல்ல பேஸ்டிங் என்று என் கண் சொல்லிவிட்டது. க்ரீம் போட்டுத் துடைத்தேன். நெற்றியிலிருந்து காதுக்கு, மோவாயிலிருந்து மேலே. மேடம் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். அந்த அம்மாள், "சாஃப்ட்டா பண்றாளே" என்றார். அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை, ஏனென்றால் அடுத்து வந்ததை மறக்க முடியவில்லை.

துண்டை ஆவி பறக்கிற வெந்நீரில் முக்கினேன். பிழிந்தேன். மூக்குக்கு இடம் விட்டு முகத்தில் சுற்றினேன். மூச்சு ஒன்று உள்ளே போயிருக்கும், அவ்வளவுதான். அந்த அம்மாள் துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, என்ன நாத்தம் இது! செத்த மாடா?"

மேடம் தரையில் கிடந்த துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று விலக்கிக்கொண்டார். "இதை எங்கம்மா துவைச்சே?" என்றார். நான் துண்டை வாங்கி மோந்து பார்த்தேன். ஈரத் துணி வாசனை. எங்கள் வீட்டு வாசனை. அம்மா வேலை முடிந்து வந்து என் தலையைத் தடவும்போது வருகிற வாசனை. இதில் என்ன தப்பு என்று எனக்குச் சத்தியமாக விளங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மேடம்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. நிதானமாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதே. கஸ்டமர் மூஞ்சிகிட்ட கை வைக்கிற தொழில் இது. உனக்கே தெரியலைன்னா நான் எப்படிம்மா சொல்லித்தர முடியும்?"

உதவிக்கு இருந்த பெண், என் துண்டுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்க முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள். வேறொரு துண்டு தருகிறேன், இன்னொரு முறை செய்து காட்டு என்று மேடம் சொல்வார் என்று கதவுவரை எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பின்னால் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எனக்குக் கையில் வைத்துவிட்டே தட்டிவிட்டார்கள்.

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஒன்றில்தான். அந்தக் கல்யாண வீட்டில் இதே மேடம் ரெண்டு நாள் தங்கியிருந்தார். பிரியாணி சாப்பிட்டு, மாடியில் நின்று காற்று வாங்கினார். முதலாளி வீட்டுக்கும் எங்கள் ஷாப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரே காற்று. அங்கே ஒருமுறைகூட அவர் மூக்கைப் பிடிக்கவில்லை. ஸ்டூலில் இருந்த கைப்பையும் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோலாகத்தான் இருந்திருக்கும். அது யாருக்கும் நாறவில்லை.

ஊருக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. ரெண்டு வாரத்துக்கு மேல் அக்கா வீட்டிலேயே கிடந்தேன். பிறகு அக்காவே டிக்கெட் எடுத்து ரயிலேற்றிவிட்டாள். ஆம்பூர் ஸ்டேஷனில் கால் வைத்ததும் முகத்தில் அடித்தது பாருங்கள், குப்பென்று ஒரு நாற்றம். அழுகின மாமிசமும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, என்ன இது, ஊரில் என்ன ஆச்சு என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறந்ததிலிருந்து சுவாசித்த காற்றுதான். எனக்குத்தான் புதிதாக மூக்கு முளைத்திருந்தது.

நான் வந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லி, அம்மா ஷாப்பிலிருந்து ஈரப் புடவையோடு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாச்சு? ஏன் எளைச்சுப் போய்ட்ட?"

பத்தாவது பாஸ் செய்தவர்களைத்தான் சேர்ப்பார்களாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? மழையில் நனைந்து, மேஸ்திரியிடம் கெஞ்சி, தன் புடவையைத் திரையாக்கிக் காயவைத்தவளிடம், நீ காயவைத்ததால்தான் போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தம்மா அத அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா? புள்ளைய பேஜாராக்கி அனுப்பிச்சுட்டாளே!" என்று கொஞ்ச நேரம் கத்தினாள். அப்புறம் குரலை இறக்கிக் கேட்டாள்.

"துண்ட பாத்து இன்னா சொன்னாங்க? வெள்ளையா இருந்துச்சா?"

"நல்லா வெள்ளையா இருக்குதுன்னு சொன்னாங்கம்மா."

அந்த ஏமாற்றத்துக்கு நடுவிலும் அம்மாவின் முகம் மலர்ந்தது. மேஸ்திரியிடம் சொல்லவேண்டும் என்றாள். சொல்லியும் இருப்பாள்.

கம்பெனியில் மறுபடி போய் நின்றேன். சூப்பர்வைசர் சொன்னபடியே என் டேபிள் இல்லை. நூல் வெட்டுகிற இடத்தில், கம்மிக் கூலிக்கு உட்காரவைத்தார்கள். பழைய டேபிளுக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று. என் தோஸ்த் ஒரு நாள் சாயங்காலம் வந்து, பழைய பாயை விரித்து, தானாகவே மல்லாந்து படுத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு அந்த ஆசை அதோடு விட்டுப்போனது.

அம்மா விஷயம்தான் விடவில்லை. முன்பெல்லாம் ஷாப்பிலிருந்து வந்ததும் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாள், என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வாள். நான் மெட்ராஸிலிருந்து திரும்பிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அது நின்றுபோனது. வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போவாள். எந்தக் குளிரிலும் தலையோடு குளிப்பாள். சந்தன சோப்பு வாங்க ஆரம்பித்தாள். குளித்துவிட்டு வந்த பிறகும் கதவோரமாகத்தான் உட்காருவாள். ஏம்மா அங்கே உட்காருகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "இங்க காத்து வருது" என்றாள். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் முகம் சொல்லியிருக்க வேண்டும்.

சாகும் வரைக்கும் அம்மா என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பார்லரில் எனக்கு ஒரு தொழில் கிடைக்காமல் போன வருத்தம் எப்போதோ ஆறிவிட்டது. பெற்றவளை என் பக்கத்திலிருந்து கதவோரத்துக்கு நகர்த்திவிட்ட அந்த மூக்கை மட்டும் அங்கே எனக்குச் சும்மா கொடுத்தனுப்பினார்கள், அது இன்றைக்கும் என் முகத்தில்தான் இருக்கிறது.