ஏரிக்கரையில் சொன்ன பொய்

செஞ்சியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிங்கவரம் போகும் வழியில் இருக்கிற ஏரியில் விரால் பிடித்து, உயிரோடு சென்னைக்கு அனுப்பலாம் என்று என் மருமகன் திட்டம் போட்டான். அங்கே வலை போட்டு வியாபாரம் செய்தவர் அதுவரை யாரும் இல்லை. முதலில் ஒரு வருடம் சோதனையாகப் பிடித்துப் பார்க்க அரசு அனுமதி வேண்டும். மனுவை நான்தான் எழுதினேன்.

ஏரி மீனை நம்பி ஏற்கெனவே யாராவது பிழைக்கிறார்களா என்று மனுப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். அப்படி இருந்தால் அவர்களுக்குப் பங்கு ஒதுக்கிய பிறகுதான் அனுமதி. யாரும் இல்லை என்று எழுதினேன்.

ஒருத்தி இருந்தாள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, கோரை வேரடியில் கையால் துழாவி விரால் பிடிப்பாள். அதை எங்கள் தெருவில் கொண்டுவந்து விற்பாள். நானே வாங்கித் தின்றவன்.

ஒரு நாள் அதிகாரி விசாரணைக்கு வந்தார். ஏரியைக் காட்ட நானும் ஜீப்பில் கூடப் போனேன். எங்கள் பக்கத்தில் ஏரிக்கரையில் ஜீப் ஏறினால் போதும், புல் அறுப்பவரும் வண்டல் அள்ளுபவரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பவர்போல நிற்பார்கள். அபராதம் போடுவார்கள் என்ற பயம். அவளும் மீன் பானையைக் கோரைக்குள் தள்ளிவிட்டுக் கரையேறினாள்.

"இங்க யாராவது மீன் பிடிக்கிறாங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க" என்றேன்.

அவர் அவளுடைய ஈரப் புடவையைப் பார்த்தார். "நீ இன்னாம்மா பண்ற?"

"குளிக்க வந்தேன் சார். இதுல ஏது மீனு, தவளைதான் இருக்குது. வாத்தியாரே சொல்றாரு, அவரு பொய் சொல்லுவாரா?"

அதிகாரி சிரித்தார். உண்மையைச் சொல்லம்மா, உனக்குப் பங்கு கிடைக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்கள் மீன் குறையும், நான் பொய்யன் என்பதும் தெரிந்துவிடும். வாயைத் திறக்கவில்லை.

ஜீப் போனதும் என்னிடம் வந்தாள். "நல்லவேள சார், என்னைக் காட்டிக் குடுக்காம உட்டீங்க." மறுநாள் பெரிய விரால் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். நாங்கள் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

அனுமதி வந்தது. மருமகன் ஏரிக்குக் காவல் போட்டான். அவளைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. இப்போது அவலூர்பேட்டைக்குக் கட்டட வேலைக்குப் போகிறாள்.

அனுமதியை நீட்டிக்கப் புதிதாக மனு எழுத வேண்டும். அதே கேள்வி மறுபடியும் வந்தது. இந்த முறை என்னால் எழுத முடியவில்லை. போன வாரம் அவள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்; அதிகாரியிடமும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"அப்ப நான் மீன் பிடிக்கிறேன்னு சொல்லியிருந்தா, பங்கு குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்கம்மா."

"அது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"நான் குடுத்த விரால் நல்லா இருந்துச்சா சார்?"

நன்றாக இருந்தது என்றேன்.

"ஆபீசர்கிட்ட அதையும் சேத்துச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.