நான்கு டெசிபல் நெல்

எங்கள் ஊரில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆடி மாதம் முழுக்க மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, அறுவடை வந்தால் வயலில் இறங்கும் இயந்திரம், இடையில் போர்செட் மோட்டார், பட்டுக்கோட்டை போகிற பஸ்ஸின் ஹாரன். இவை எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அவை ஊர்ச் சத்தம், யார் மேலும் கோபப்பட முடியாது. நான் சொந்தக் காசு போட்டு வாங்கிய கம்ப்யூட்டர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க உறுமியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பத்திரம் டைப் செய்கிறவள். பட்டுக்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தர், கையால் எழுதிய கிரயப் பத்திரங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் வீட்டிலிருந்தே அடித்துத் திருப்பி அனுப்புவேன். வடக்கே இன்னாருடைய நஞ்சை, தெற்கே வாய்க்கால் என்று நான்கு எல்லையையும் அடிக்கும்போது கவனம் கொஞ்சம் சிதறினாலும் ஒருவருடைய வயல் இன்னொருவர் கைக்குப் போய்விடும். ஒருமுறை போகப் பார்த்தது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துத் திட்டினேன். என் கணவரைக்கூட அப்படித் திட்டியதில்லை.

சத்தம் போடாத ஃபேன் எது என்று இணையத்தில் தேடினேன். மதிப்புரை என்ற பெயரில் நூறு பேர் பேசினார்கள். எல்லோருக்கும் கம்பெனியே ஃபேனை இலவசமாக அனுப்பியிருந்தது. கல்யாணத் தரகர் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் ஃபேனைப் பற்றிப் பேசினார்கள். குணம், நிறம், குடும்பம் எல்லாம் சொன்னார்கள், சத்தம் எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரை நம்பி ஒன்றை வாங்கிப் போட்டேன். பெட்டிக்குள் தவளை கத்தியது.

எனக்குக் கோபம் வந்தால் அதோடு நிற்காது, வேலையில் இறங்கிவிடுவேன். சத்தத்தை அளக்கும் டெசிபல் மீட்டர் ஒன்றை வாங்கினேன். ஃபேனை ஓடவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி இதை வைத்து, அது காட்டும் எண்ணை வீடியோவாக எடுத்துப் போட்டேன். வீடியோவில் என் முகம் வராது, இரண்டு கையும் குரலும்தான். கம்பெனியிடமோ கடைக்காரரிடமோ ஒரு திருகாணிகூட வாங்க மாட்டேன், சீல் பிரிக்காத ஃபேனை முழு விலை கொடுத்து வாங்கித்தான் அளப்பேன் என்று முதல் வீடியோவிலேயே சொல்லிவிட்டேன். வீராப்பாகத்தான் இருந்தது. நான்காவது ஃபேனோடு என் கைக்காசு தீர்ந்தது. பார்க்கிறவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள், ஃபேன் வாங்கி உண்மையைச் சொல்கிறேன் என்று கேட்டேன்.

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "கோயில் திருவிழாவுக்கு வரி வசூல் பண்ணுவாங்க. சுடுகாட்டுக் கொட்டாய்க்குக்கூட வசூல் பண்ணிருக்காங்க. ஃபேனுக்கு வசூல் பண்றது நீ ஒருத்திதான்."

ஆனால் போட்டார்கள். கோயம்புத்தூர் ஹாஸ்டல் பையன்கள் போட்டார்கள், துபாயில் இருந்து போட்டார்கள். மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொஞ்சம் பெரிய தொகை போட்டுவிட்டு, ஃபேன் மேல் "உபயம்" என்று தன் அப்பா பெயரை ஒட்ட முடியுமா என்று கேட்டார். கோயில் டியூப்லைட்டில் எழுதுகிறோமே, அதைப்போல. இறக்கையில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஃபேன் தள்ளாடும், அப்புறம் உங்கள் அப்பாவால்தான் சத்தம் வருகிறது என்று நான் மதிப்புரை எழுத வேண்டியிருக்கும் என்றேன். கடைசியில், வீடியோ முடிவில் பணம் போட்டவர்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டுவது என்று சமாதானம் ஆனது. அதன் பிறகு எனக்கு வந்த புகார்களில் பாதி ஃபேனைப் பற்றியவை அல்ல. இனிஷியல் தப்பு என்றுதான் எழுதினார்கள்.

அளப்பதற்கு அமைதியான இடம் வேண்டும். அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் கணவர் மாப்பிள்ளைச் சம்பா என்கிற பழைய ரக நெல் போடுகிறவர். அதைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்ட முடியாது, நல்ல விலைக்கு ஆள் வரும்வரை வீட்டில்தான் கிடக்கும். பின்கட்டு அறையில் மூன்று சுவரையும் மறைத்து மூட்டைகள் கூரை வரை ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஸ்டூலும் நானும் மட்டும். கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்கே கேட்கும். நல்ல அறை அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் நல்ல அறை என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

பங்குனி மாதம் அந்த அறையில் ஒரு கறுப்பு ஃபேனை அளந்தேன். யாருக்கும் பெயர் தெரியாத கம்பெனி, விலையும் குறைவு. அதுவரை அளந்த எதையும்விடக் குறைவான சத்தம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லி, அதையே என் கம்ப்யூட்டரிலும் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அதிராம்பட்டினத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். சவுதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

"மேடம், உங்க பேச்ச நம்பி அந்தக் கறுப்பு ஃபேன ஒரு பெட்டி எறக்கிட்டேன். நல்லாப் போகுது. என் பங்குக்கு உங்க வசூல்லயும் கொஞ்சம் போட்டிருக்கேன்" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்காரர் பொருளைத்தானே தொட மாட்டேன் என்றேன், வசூல் எல்லோருக்கும் பொது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்றைக்குக் கணவருக்கு மீன் வறுத்துக் கொடுத்தேன்.

ஆவணியில், அந்தக் கறுப்பு ஃபேன் இப்போதும் அதே தரத்தில் வருகிறதா என்று சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். முதலில் நல்ல சரக்கை விட்டுப் பெயர் வாங்கிக்கொண்டு, பிறகு மட்டமான பேரிங் போட்டு விற்பதாகப் பல கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு உண்டு. வசூல் பணத்தில் இன்னொன்று வாங்கினேன். அதற்கு முந்தைய வாரம்தான் கும்பகோணத்திலிருந்து ஒரு வியாபாரி லாரியோடு வந்து பின்கட்டு நெல் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அறை விசாலமாகிவிட்டதே என்று எனக்கு ஒரே குஷி. மேசையை நடுவில் இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்து அளந்தேன்.

நான்கு டெசிபல் கூடியிருந்தது. கேட்பவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஃபேன் விஷயத்தில் அது ஓடுகிறதா என்று குனிந்து பார்ப்பதற்கும், ஓடித் தொலைக்கிறதே என்று எரிச்சல் படுவதற்கும் உள்ள தூரம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வருத்தமே இல்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்தான் இருந்தது. "நல்லதக் காட்டி ஏமாத்திட்டாங்க. இப்ப வர்றது மட்டச் சரக்கு. யாரும் வாங்காதீங்க" என்று வீடியோ போட்டேன். என் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். வசூலும் கூடியது.

மூன்றாம் நாள் அதிராம்பட்டினத்துக்காரர் மறுபடி போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம் இல்லை. அவர் ஊரில் அந்த ஃபேனை விற்றது அவர் கடை ஒன்றுதான். வாங்கியவர்கள் வரிசையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். தங்கள் ஃபேனில் சத்தமே கேட்காதவர்களும் கொண்டுவந்தார்களாம். டீக்கடையில் உட்கார்ந்தால், பாய் டூப்ளிகேட் விற்கிறார் என்று காதுபடவே பேசுகிறார்களாம்.

"நான் விக்கிறது அதே பழைய பெட்டிதான் மேடம். ஒண்ணு அனுப்பி வைக்கிறேன், அளந்து பாருங்க."

"கடைக்காரங்க குடுக்குறதத் தொட மாட்டேன் பாய். அது என் ரூல்."

இதைச் சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் நேரிலேயே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது இருக்கும். வாசலிலேயே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பயப்படாதீங்க, ஃபேன் எதுவும் கொண்டாரல." உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். அவர் காபியைத் தொடவில்லை.

"என்னுத அளக்க வேணாம், சரி. மொதமொத நீங்க அளந்தீங்களே, அந்த ஃபேன் எங்க இருக்கு?"

"என் கம்ப்யூட்டர்ல ஓடிக்கிட்டு இருக்கு."

"அதையே இன்னொருக்க அளந்து பாருங்க."

இதற்கு மறுப்புச் சொல்ல என் சட்டத்தில் இடம் இல்லை. கழற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன், அவரும் வந்தார். மீட்டரை வைத்தேன். ஆவணியில் வாங்கிய ஃபேன் காட்டிய அதே எண்ணைப் பங்குனி ஃபேனும் காட்டியது.

"ஓடி ஓடித் தேஞ்சிருக்கும்" என்றேன். தயாராக வாயில் வைத்திருந்ததுபோல் வந்தது.

"அதெப்படி மேடம்? தேஞ்ச ஃபேனும் புதுசாப் பெட்டி பிரிச்ச ஃபேனும் ஒரே சத்தம் போடுமா?"

எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்கிற மாதிரி ஏதோ கத்தினேன். அவரும் குரலை உயர்த்தினார். அப்போது என் கணவர் கையில் துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

"ஏன் ரெண்டு பேரும் இந்தக் கத்து கத்துறீங்க? மாட்டுக் கொட்டாய் வரைக்கும் கேக்குது. நெல்லு இருந்தப்ப இங்க கொலையே விழுந்தாலும் வெளில தெரியாது" என்றார்.

அவர் எங்களைக் கண்டிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மூலையில் சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்ட ஆரம்பித்தார். நான் சுவர்களைப் பார்த்தேன். மூன்று சுவரும் வெள்ளையடித்து மொட்டையாக நின்றன. பாயும் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மூட்டை இல்லை, கொல்லையில் வைக்கோல் கட்டுகள் இருந்தன. இயந்திரம் இறுக்கிக் கட்டிய கட்டுகள், மாட்டுக்காக வைத்திருந்தது. என் கணவர் ஒரு பக்கமும் அந்த வெள்ளைச் சட்டை மனிதர் ஒரு பக்கமுமாகத் தூக்கி வந்து சுவரோரம் அடுக்கினார்கள். மறுபடி அளந்தேன். மூன்று டெசிபல் இறங்கியது. புது ஃபேனை வைத்தேன், அதுவும் அப்படியே இறங்கியது. மிச்சம் ஒன்று நெல்லுக்கும் வைக்கோலுக்கும் உள்ள வித்தியாசம் என்றார் என் கணவர். அதை மறுக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு போதாது. மூட்டைகள் இருந்தவரை அவை சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன. போனதும் அது மொட்டைச் சுவரில் மோதி மீட்டருக்கே திரும்பி வந்தது. ஃபேனில் எந்த மாற்றமும் இல்லை. எங்கள் வீட்டு நெல் விற்றுப்போனதற்கு ஒரு கம்பெனியைத் திருடன் என்றும், ஒரு மனிதரைப் போலிச் சரக்கு விற்பவர் என்றும் ஆக்கியிருந்தேன்.

அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க பாய். இப்பவே வீடியோ எடுக்கிறேன். உங்க கடை பேரச் சொல்லி, அங்க விக்கிறது அசல் சரக்கு, அங்கயே போயி வாங்குங்கன்னு சொல்லிடுறேன்" என்றேன்.

அவர் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் தங்கச்சி. என் கடை பேரு வந்துச்சுன்னா, பாய் போயி காசு குடுத்துட்டு வந்துட்டாருன்னு சொல்லுவாங்க. அதுக்கப்பறம் நீங்க எதச் சொன்னாலும் எடுபடாது. நெல்லு மூட்டைய மட்டும் சொல்லுங்க. நான் வந்தத மூச்சு விடாதீங்க."

எந்த விதியைச் சொல்லி அவருடைய ஃபேனைத் தொட மறுத்தேனோ, அதை எனக்காக அவர் காப்பாற்றினார். காபி ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுத் தருகிறேன் என்றதற்குப் பரவாயில்லை என்று அதையே குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். இப்போது இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க, அந்தப் பெட்டிதான் ஒரு வழியா வித்துப்போச்சே" என்றார்.

அன்று வீடியோ போட்டேன். ஃபேன் கெட்டுப்போகவில்லை, என் அறையில் இருந்த நெல்தான் விற்றுப்போய்விட்டது என்றேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். சிலர் வசூலிலிருந்து விலகினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சிங்கப்பூர்க்காரர், பத்து மூட்டை நெல் உபயமாகத் தருகிறேன், மூட்டை மேலாவது அப்பா பெயரை எழுதலாமா என்று கேட்டார். "நெல்ல விக்காம வச்சிருக்கறதுக்குக் காசு தர்றாங்களா? மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்றார் என் கணவர். இப்போது அந்த அறையில் வருஷம் முழுக்க வைக்கோல் கட்டு நிற்கிறது. மாட்டுக்கு அதில் பங்கு கிடையாது.

ஆனால் திருட்டைப் பிடித்தேன் என்ற வீடியோவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட, தப்பு என்னுடையது என்ற வீடியோவைப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதிராம்பட்டினம் கடைக்குப் போனேன். பாதிப் பெட்டி அலமாரியில் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "போவும் தங்கச்சி, மெதுவாப் போவும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அடுத்த வசூலில் அவர் எண்ணிலிருந்து பணம் வந்தது, போன தடவை போட்ட அதே தொகை. மற்றவர்கள் அப்பா பெயரையும் இனிஷியலையும் எழுதும் இடத்தில், "பேர் போட வேண்டாம்" என்று எழுதியிருந்தார். வீடியோவின் கடைசியில் வரும் பட்டியலில் அவர் இடத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டேன். அதைப் பார்த்துவிட்டு ஒருவர், நடுவில் யாரோ ஒருத்தர் பெயர் விட்டுப்போச்சு, இனிஷியலோடு சரியாகப் போடுங்கள் என்று எழுதினார். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.